வீரப் பங்கு தின்றவள்

நந்துவர் குடியில் எதிரியின் ஈட்டிக்குச் செத்தவர்களையும் பன்றித் தொடைக்காகச் செத்தவர்களையும் தனித்தனியே எண்ணினால், இரண்டாவது கணக்கு கொஞ்சம் கூடவே வரும். அறுப்பு முடிந்து மாடுகளைக் கீழ்மேய்ச்சலுக்கு இறக்கும் நாளில், குன்றுக்கோட்டையின் பெரிய வட்ட வீட்டில் விருந்து நடக்கும். காட்டுப்பன்றி ஒன்று முழுதாக வேகும். அதன் வலது தொடை, குடியிலேயே பெரிய வீரர் யாரோ அவருக்கு. ஆள்கிறவர் தன் கையால் அறுத்து வைப்பார். மனத்தாங்கல் உள்ளவன் எழுந்து, “அது அவனோடது இல்ல” என்று சொல்லலாம். சொன்னால் காரணமும் சொல்ல வேண்டும். காரணம் போதாது என்றால் வாசலுக்குப் போய் வாளை உருவ வேண்டும். ஒரு துண்டுக் கறிக்கா இந்தக் கூத்து என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கறிக்கு யார் சாகிறார்கள்? தொடை தின்றவர் பெயரைத்தான் பாட்டுக்காரன் அடுத்த அறுப்புவரை முதலில் பாடுவான்.

அந்தத் தொடையைப் பதினேழு ஆண்டுகள் ஒரே ஒருத்தி தின்றாள். ராணி செனோவிராவின் தேரோட்டி எப்பிலா. ஒரு வாய் கறிகூட அவளுக்கு உரியதில்லை.

எப்பிலா குதிரைக்காரன் மகள். லாயத்து வைக்கோலில் பிறந்தாள் என்று பாட்டில் வரும். அதெல்லாம் இல்லை, எல்லாப் பிள்ளைகளையும் போல வீட்டில்தான் பிறந்தாள். பெரிய வீட்டுப் பிள்ளைகளை ஏழு வயதில் வேறொரு வீட்டில் வளரவிடுவது வழக்கம் என்பதால், தலைவரின் மகள் செனோவிரா அந்தக் குதிரைக்காரன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். எப்பிலாவைவிட இரண்டு வயது மூத்தவள். இரண்டு பேரும் ஒரே ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள், ஒரே கிண்ணத்தில் ஓட்ஸ் கஞ்சி குடித்தார்கள், ஒரே குதிரையிலிருந்து விழுந்தார்கள். விழுந்ததற்கு அடி வாங்கும்போது செனோவிரா முன்னால் நிற்பாள். “நான்தான் ஏத்திவிட்டேன், என்னை அடிங்க” என்பாள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் சொன்ன சொல் மாறாது.

அண்ணன் வேட்டையில் செத்து, அப்பா நோயில் செத்து, இருபத்து நாலு வயதில் செனோவிரா ஆள்கிறவர் அணியும் முறுக்குப் பொன் வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அந்த நாளில் கல்மேல் நின்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டிய சொல் ஒன்று உண்டு: ‘என் வாய் பொய்த்தால் மாட்டு மடி வற்றட்டும், மீன் ஆற்றை விட்டுப் போகட்டும்.’ மற்ற தலைவர்கள் அதைச் சடங்குக்குச் சொன்னார்கள். இவள் அதையே பிடித்துக்கொண்டு ஆண்டாள். கணவனை இழந்தவளுக்கு மந்தையில் பாதி என்றாள், கொடுக்க வைத்தாள். ஆற்றுக்கு அக்கரை கர்போவர் குடியோடு உப்புத் துறைக்காக மூன்று தலைமுறைச் சண்டை. அவர்களேகூட, “செனோவிரா சொல்லிட்டாளா, அப்ப பிணை ஆள் வேணாம்” என்று சொல்லும் காலம் ஒன்று வந்தது. அது பின்னால் வந்தது. முதலில் அவர்களோடு பன்னிரண்டு முறை சண்டை போட வேண்டியிருந்தது. பன்னிரண்டிலும் தேர் ஓட்டியவள் எப்பிலா.

தேர்ச்சண்டையில் தேரோட்டியின் வேலை சுலபமாகத் தெரியும். எதிரிக் கூட்டத்தின் ஓரம்வரை ஓட்ட வேண்டும். வீரர் குதித்து இறங்கியதும் நாற்பது தப்படி பின்னால் போய், குதிரைகளை வீட்டுப் பக்கமாகத் திருப்பி, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபடி நிற்க வேண்டும். அவ்வளவுதான், நிற்க வேண்டும். கல்லும் ஈட்டியும் பறக்கும் இடத்தில், கையில் கடிவாளத்தை வைத்துக்கொண்டு, ஓடக்கூடிய இரண்டு குதிரைகளை முன்னால் வைத்துக்கொண்டு, ஓடாமல் நிற்க வேண்டும். குதிக்கும்போது ஒவ்வொரு முறையும் செனோவிரா சொல்வாள்: “நில்லுடி, வந்துடுறேன்.” பதினோரு முறை எப்பிலா நின்றாள். பதினோரு முறையும் ராணி வந்தாள்.

பன்னிரண்டாவது முறை சேற்றுத் துறையில். காலையில் ஆற்றிலிருந்து மூடுபனி எழுந்து இரண்டு படையையும் விழுங்கிவிட்டது. ராணி குதித்தாள், பனிக்குள் போனாள். எப்பிலா பின்னுக்கு வந்து திருப்பி நின்றாள். இரும்புச் சத்தம் கேட்டது. ராணியின் குரல் கேட்டது, பிறகு கேட்கவில்லை. பக்கத்துத் தேரோட்டியின் நெஞ்சில் ஈட்டி பாய்ந்து அவன் உட்கார்ந்த மேனிக்கே செத்தான். வாயைத் திறந்து எதையோ சொல்ல வந்தவன் முகம் அப்படியே நின்றது. எப்பிலா சாட்டையை எடுத்தாள்.

குதிரை மிரண்டுவிட்டது என்று பின்னாளில் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். குதிரைகள் மிரளவில்லை. நல்ல குதிரைகள், அவளே பழக்கியவை, போக மனமில்லாமல் நின்றன. இரண்டு முறை அடித்த பிறகுதான் கிளம்பின.

வழியில் ஒருவன் கிடந்தான். தஸ்கோ, வடகரைச் சேரியின் இளம் ஈட்டிக்காரன். ஒரு கால் முட்டிக்குக் கீழே கோணலாக மடிந்திருந்தது.

“அக்கா! எப்பிலாக்கா! கால் போச்சு, ஏத்திக்கோ!”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் அவள் முகத்தைப் பார்த்தான். சக்கரம் அவன் கையை மிதிக்காமல் போனது, அவ்வளவுதான் அவள் செய்த உபகாரம்.

மேட்டின்மேல் ராணியின் ஆட்கள் முந்நூறு பேர் கொம்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். கொம்பு ஊதுகிறவன் பனிக்குள் எப்போதோ செத்துக் கிடந்தான். அது அவர்களுக்குத் தெரியாது. பனியைப் பிளந்துகொண்டு ராணியின் வெள்ளைக் குதிரைகள் மட்டும் வந்தன, தேரில் ராணி இல்லை. “ராணி எங்கடி?” என்று ஒருவன் கத்தினான். எப்பிலா கையை மட்டும் தூக்கித் துறையைக் காட்டினாள். முந்நூறு பேரும் ஓவென்று கத்திக்கொண்டு இறங்கினார்கள். எப்பிலாவும் தேரைத் திருப்பிக்கொண்டு பின்னால் போனாள். உச்சிவேளைக்குள் சண்டை முடிந்தது. கர்போவர் ஆற்றில் விழுந்து நீந்தினார்கள். நான்கு பிணங்களுக்கு நடுவே, மரத்தில் சாய்ந்து, இடக்கையில் இரண்டு விரல் போன நிலையில் ராணி நின்றிருந்தாள். எப்பிலாவைக் கண்டதும், “வந்துட்டியா, பாவி!” என்று கட்டிப் பிடித்து அழுதாள். ராணி அழுது அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயெடுத்தாள், முடியவில்லை.

அந்த ஆண்டு விருந்தில் ராணி மூன்று விரல் கையால் பன்றியைப் பிடித்துக்கொண்டு தொடையை அறுத்தாள்.

“இது யாருக்குன்னு எனக்கு யோசனையே இல்ல. மூடுபனிக்குள்ள நான் செத்தேன்னே நெனச்சேன். முந்நூறு பேரக் கூட்டிட்டு வந்தவளுக்கு இது. இந்த வருஷம் மட்டும் இல்ல, நான் இருக்கிற வரைக்கும்.”

“தேரோட்டிக்கா?” என்றான் ஒரு தடியன்.

“தேரோட்டிக்குத்தான். ஏன், நீ ஏறி ஓட்டிப் பாரேன். உன் எடைக்கு அச்சு முறியும்.”

வீடே சிரித்தது. சிரிப்பு அடங்கும் முன்பே தஸ்கோ ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

“அது அவளோடது இல்ல.”

“உக்காருடா, கால் ஒடிஞ்சவனே!”

“கால்தான் ஒடிஞ்சுது, கண்ணு ஒடியல. அவ ஆள் கூப்பிடப் போகல. பயந்து ஓடினா. நான் வழியில கெடந்தேன், ஏத்திக்கோன்னு கத்தினேன். என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போனா. அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். எனக்கும் அன்னைக்கு அதே மூஞ்சிதான். குதிரை இருந்திருந்தா நானும் ஓடியிருப்பேன். ஆனா நான் தொடை கேக்கல.”

ராணி திரும்பினாள். “எப்பிலா, இவன் என்ன சொல்றான்?”

தட்டில் கொழுப்பு உறைய ஆரம்பித்திருந்தது. எப்பிலா அதையே பார்த்தாள். பிறகு, “நிறுத்த நேரமில்ல” என்றாள்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த வீட்டில் அன்றைக்குப் பேசப்பட்டதிலேயே பெரிய பொய் அதுதான்.

“கேட்டீங்கல்ல?” என்றாள் ராணி. “அவள அனுப்பினது நான். என் வாயால சொல்றேன், போதுமா?”

“நீங்க அனுப்பல தலைவி,” என்றான் தஸ்கோ. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “அந்தப் பனியில அனுப்ப முடியாது.”

தேரோட்டியை ஓடினாள் என்று சொன்னவன் வெறும் சண்டைக்காரன், அது வாசலில் வாளோடு முடியும். ஆள்கிறவர் வாய் பொய்த்தது என்று சொன்னவன் குடியின் மாட்டு மடிமேலேயே கை வைத்தவன். சாமித் தோப்பின் பூசாரி எழுந்து தண்டனை விதியைச் சொன்னார். தஸ்கோவின் தலைமுடியை அங்கேயே அறுத்தார்கள். இனி யாரும் அவனுக்கு நெருப்பும் உப்பும் கொடுக்கக் கூடாது, செத்தால் புதைமேட்டில் முன்னோர் பக்கத்தில் இடம் கிடையாது. கர்ப்பிணி மனைவியைக் கூட்டிக்கொண்டு, நொண்டிக்கொண்டு சதுப்புக்குப் போனான்.

“சாப்பிடுடி, ஆறுது,” என்றாள் ராணி.

எப்பிலா சாப்பிட்டாள். கறி பதமாக வெந்திருந்தது, உப்பு சரியாக இருந்தது. பிற்பாடு அவளை எது அதிகம் அறுத்தது என்றால் அதுதான். தொண்டை அடைக்கவில்லை, குமட்டவில்லை. ருசியாக இருந்தது.

மூன்றாம் ஆண்டு மழை விடாமல் கொட்டி, புல் அழுகி, பால் குறைந்தது. குடிக்குள் ஏதோ ஒரு பொய் இருக்கிறது என்றார் பூசாரி. பெரியவர்கள் கூடிப் பேசி, சதுப்பிலிருந்து தஸ்கோ விடும் சாபம்தான் காரணம் என்று முடிவு செய்தார்கள். போய் அவனுடைய இரண்டு பசுக்களை ஓட்டி வந்தார்கள். அந்தப் பசுக்கள் ராணியின் மந்தையில் மேய்வதை எப்பிலா தினமும் பார்த்தாள். தானே போய்ச் சொல்லிவிடுவதாக ஒவ்வொரு மாலையும் முடிவு செய்தாள். காலையில் குதிரைகளைத் தேய்க்கும் வேலை இருந்தது.

ஒரே ஒரு முறை ஆரம்பித்தாள். அக்கரையில் சமாதானம் பேசி முடித்துத் தேரில் திரும்பும்போது, “அக்கா, அன்னைக்குச் சேத்துத் துறையில...” என்றாள்.

ராணி அவள் தோளில் கை வைத்தாள். “அதப் பேசாத. நெனச்சா இப்பவும் கண்ணு கலங்குது. கர்போவர் ஏன் பிணை கேக்கலன்னு தெரியுமா? என் சொல்லுக்காக. எனக்கு எங்கேருந்து அந்தத் தைரியம் வருது? திரும்பிப் பாத்தா நீ நிப்பேன்னுதான்.”

அதற்குமேல் எந்த மனிதப் பிறவியால் வாயைத் திறக்க முடியும்? முடிந்திருக்க வேண்டும். அவளால் முடியவில்லை.

விருந்து நாள் நெருங்கினால் எப்பிலாவுக்கு வயிற்றுவலி வரும். “தொடை தின்னப் பயந்து படுத்துட்டா” என்று பெண்கள் கேலி செய்வார்கள். ஒரு ஆண்டு யாருக்கும் தெரியாமல் கறியை நாய்க்குப் போட்டாள். பாட்டுக்காரன் பார்த்துவிட்டான். நாய்க்கும் ஒரு பாட்டு கிடைத்தது. கல்யாணம் கேட்டு வந்தவர்களை அனுப்பிவிட்டாள். பிள்ளை பிறந்தால் அதன் காதிலும் அந்தப் பாட்டு விழுமே என்று ஒரு கூச்சம். குடியிலேயே அடக்கமான வீராங்கனை என்று பெயர் வந்தது. அந்தப் பெயரும் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

பதினெட்டாம் ஆண்டு, விருந்துக்கு முந்தின நாள் லாய வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முழங்கால்வரை சேறு.

“நீங்கதான் எப்பிலாவா?”

“ஆமா. நீ யாரும்மா?”

“வின்டா. தஸ்கோ மக.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அப்பா செத்துட்டாரு. ரெண்டு நாளாச்சு. சதுப்புல போட்டா அந்தப் பக்கம் போய்ச் சேர மாட்டாராம், மேட்டுல இடம் வேணும். அம்மாவும் சதுப்புலயே செத்துட்டாங்க, எனக்கு வேற யாரும் இல்ல. யாரக் கேக்கறதுன்னு அவரு சாகும்போது கேட்டேன். எப்பிலாவத் தவிர யாரையும் கேக்காத, அவளுக்குத் தெரியும்னாரு.”

“வேற என்ன சொன்னாரு?”

“வேற ஒண்ணும் சொல்லல. திட்டக்கூட இல்ல.”

எப்பிலா லாயத்துக்கு வெளியே வந்தாள். மேட்டில் இடம் என்றால் விதியை மாற்ற வேண்டும். விதியை மாற்ற வேண்டும் என்றால் தொடை வைக்கும்போது, அதே வீட்டில், எழுந்து சொல்ல வேண்டும். வேறு வழி அந்தக் குடியில் கிடையாது. சொன்னால் தான் போய்விடுவோம் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு மனம் ஒருவழியாகத் தயாராகத்தான் இருந்தது. ராணியின் சொல் என்ன ஆகும் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்க மறுத்தாள்.

“நாளைக்கு வா,” என்றாள். “வாசல்ல நிக்காத. உள்ள வா.”

மறுநாள் பொழுது சாயும் முன்பே பன்றி வெந்துவிட்டது. வட்ட வீடு நிறைந்திருந்தது. தலை நரைத்த செனோவிரா, நாற்பது தடவை சொன்ன பழைய கிண்டல்களையே மறுபடி சொல்லிக்கொண்டு தொடையை அறுத்து எப்பிலாவின் முன் வைத்தாள். எப்பிலா எழுந்தாள்.

“இது என்னோடது இல்ல.”

தன் பங்கைத் தானே மறுத்தவர் அதுவரை யாரும் இல்லை.

“ஆரம்பிச்சிட்டா!” என்று ஒருத்தி சிரித்தாள். “வருஷா வருஷம் வயித்துவலி, இந்த வருஷம் அடக்கம்!”

“சிரிக்காதீங்க. காரணம் சொல்றேன். நான் ஆள் கூப்பிடப் போகல. ஓடினேன். குதிரைங்க நின்னுச்சு, நான்தான் அடிச்சு ஓட்டினேன். தஸ்கோ வழியில கெடந்தான், ஏத்திக்கோன்னான். அவன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போனேன். மேட்டுக்குப் போனது ஆளக் கூட்டத்தான்னு நீங்களா நெனச்சீங்க. வீட்டுக்குப் போற வழி அதான். அன்னைக்கு அவன் சொன்னது அத்தனையும் உண்மை.”

யாரும் எப்பிலாவைப் பார்க்கவில்லை, எல்லாரும் ராணியைப் பார்த்தார்கள். அப்போதுதான் எப்பிலாவுக்கு உறைத்தது.

செனோவிரா கத்தியைக் கீழே வைத்தாள். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தேர் போறத ஒரு நிமிஷம் பாத்தேன்,” என்றாள், மெதுவாக, எப்பிலாவிடம் மட்டும் பேசுவது போல. “பனி விலகி மூடிச்சு. நீ ஆள் கூட்டிட்டு வரத்தான் போறேன்னு நெனச்சேன். வேற எதுக்காவது போவேன்னு நெனைக்கவே இல்லடி.”

பூசாரி அவசரமாக எழுந்தார். “தலைவி, இவ உங்கள ஏமாத்திட்டா. ஏமாந்தது பொய் ஆகாது. அப்படியே விதி சொல்லிடுறேன்.”

“ஆகாதுதான். ஆனா நான் ‘அனுப்பினேன்’னு சொன்னேன். அனுப்பல. இவள யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னு நானாச் சேத்துச் சொன்னது. அது இவ வாய் இல்ல, என் வாய்.” கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். மூன்று விரலுக்கு அந்த வளையம் சட்டென்று கழலவில்லை. பழக்கத்தில் எப்பிலாவின் கை உதவிக்கு நீண்டது, பாதியில் நின்றது. ராணி தானே கழற்றிக் கறிப் பலகைமேல் வைத்தாள். “தஸ்கோவுக்கு மேட்டுல இடம் குடுங்க. உத்தரவு இல்ல, என் உத்தரவு இனிமே செல்லாது. கேக்கறேன்.”

கொடுப்பதாகச் சொன்னார்கள். ஒவ்வொருவராக, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். தஸ்கோவின் தலைமுடியை அறுத்த ஆள் முதலில் சொன்னான். வின்டா எல்லாருக்கும் தலையசைத்தாள். எப்பிலாவிடம் வந்தபோது நின்றாள்.

“நாலு நாளைக்கு முன்னாடி சொல்லியிருந்தா அவரு காதுல விழுந்திருக்கும்,” என்றாள்.

பிணத்தை எடுத்து வர ஆட்கள் அவளோடு கிளம்பினார்கள். சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று பதினேழு ஆண்டுகளாக எப்பிலா நம்பியிருந்தாள். லேசாகவில்லை. முன்பு ஒரு ஆளுக்குச் செய்ததை நினைத்து வெட்கப்பட்டாள், இப்போது இரண்டு ஆளுக்கு. வீட்டில் யாரும் அவளை அடிக்கவில்லை, முடியை அறுக்கவில்லை, விதி சொல்லவும் யாருக்கும் நினைவில்லை. அவள் முன்னால் தொடை அப்படியே இருந்தது.

செனோவிரா போர்வையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். வளர்ந்த வீட்டுக்குத்தான் போகிறாள் என்பது எப்பிலாவுக்குப் புரிந்தது. குதிரைக்காரன் வீடு, இடிந்து பாதிதான் மிச்சம். ஆற்றோரமாக அரை நாள் நடை, தூறலும் ஆரம்பித்திருந்தது. எப்பிலா லாயத்துக்கு ஓடினாள், இரண்டு குதிரைகளைப் பூட்டினாள், தேரை ஓட்டிக்கொண்டு வந்து கோட்டை வாசலில் அவள் பக்கத்தில் நிறுத்தினாள்.

“ஏறுக்கா.”

செனோவிரா குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். தேரைப் பார்த்தாள். பிறகு எப்பிலாவின் முகத்தை, ஆள் அடையாளம் தெரியாதவள் போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வேணாம்,” என்றாள். “நான் நடந்தே போய்க்கிறேன்.”